காசைக் கரியாக்கும் கலை

நம் ஊரில் எதற்கும் மதிப்பு எண்ணிக்கையில்தான். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டால், ‘இலையில இருபத்தோரு அயிட்டம் சார்’ என்று பதில் வரும். ருசியைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். மந்திரி எவ்வளவு பெரியவர் என்பதைப் பின்னால் வரும் கார்களை எண்ணித் தெரிந்துகொள்கிறோம். டாக்டர் கெட்டிக்காரரா என்பதை போர்டில் அவர் பெயருக்குப் பின்னால் தொங்கும் எழுத்துக்களை எண்ணி முடிவு செய்கிறோம். இந்த வியாதி பெட்ரோல் டாங்க்குக்குக் கீழேயும் இறங்கி வெகு நாளாகிவிட்டது. ‘ஒரு கார்புரேட்டர்னா சாதா வண்டி. ரெண்டு இருந்தாத்தான் பவர்!’

நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். நிலக்கரி நிறுவனத்தில் பல வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் இன்ஜினீயரிங் மாணவன். அவனிடம் ஒரு பழைய 150 சி.சி. பைக் இருக்கிறது. அதன் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றோ, சின்னதாக இரண்டோ மாட்டப்போகிறானாம். அதற்குப் பணம் தராவிட்டால், இரண்டு கார்புரேட்டர் உள்ள பழைய 350 சி.சி. வண்டி ஒன்றை வாங்கித் தரவேண்டுமாம். அதன் விலையைக் கேட்டு அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. ‘ஒண்ணா, ரெண்டா? எதில் பவர் அதிகம்? நீங்களே சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறார்.

ஐயா, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? கார்புரேட்டரை விட ஆயிரம் மடங்கு பெரிய சமாசாரத்தோடு அல்லவா நீங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள்!

உங்கள் ஊர் பாய்லரையே எடுத்துக்கொள்வோம். லிக்னைட்டில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். அதை பாய்லரின் சூடான புகையாலேயே உலர்த்தி, அடித்து நொறுக்கித் தூளாக்கி உள்ளே ஊதுகிறார்கள். அத்தோடு காற்றும் அளந்து போகவேண்டும். காற்றைக் கூட்டாமல் கரியை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? மெகாவாட் ஏறாது. எரியாத கரியும் புகையும்தான் மிஞ்சும். காசைக் கரியாக்குவது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது.

பைக் எஞ்சினிலும் இதே கதைதான். கார்புரேட்டர் பவர் தயாரிக்கும் மெஷின் அல்ல. கலவை போடுகிற மேஸ்திரி. எஞ்சின் மூச்சை இழுக்கும்போது கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியே காற்று வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். அந்த இடத்தில் இருக்கிற சின்னத் துளை வழியே பெட்ரோல் தானாக மேலே ஏறி, பூந்தூறலாகக் காற்றோடு கலக்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை.

கலவைக் கணக்கு என்ன தெரியுமா? ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. அதற்குப் பதினோரு கிலோ காற்று. கன அளவில் சொன்னால் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! பங்க்கில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு லிட்டர். வழியில் இலவசமாகக் குடிப்பது ஒன்பதாயிரம் லிட்டர். ஆகவே பவரைத் தீர்மானிப்பது எவ்வளவு பெட்ரோல் ஊற்றுகிறோம் என்பதல்ல. எஞ்சினால் எவ்வளவு காற்றை இழுத்து, சரியாக எரித்து, வெளியே தள்ள முடியும் என்பதுதான்.

இப்போது மகனின் 150 சி.சி. வண்டிக்கு வருவோம். அது நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்று கதறவிட்டாலும், 4,000 மூச்சு. மூச்சுக்கு 150 மில்லி. ஆக நிமிடத்துக்கு அதிகபட்சம் 600 லிட்டர் காற்று. அந்தக் காற்றுக்குத் தகுந்த கழுத்தோடுதான் கம்பெனிக்காரன் ஒரு கார்புரேட்டரைக் கணக்குப் போட்டு மாட்டியிருக்கிறான். அங்கே இரண்டு மாட்டினால் எஞ்சினின் நுரையீரல் பெரிதாகிவிடுமா? சிலிண்டர் அதேதான். வால்வு அதேதான். கேம் அதேதான். ஓர் இளநீருக்குள் இரண்டு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் தண்ணீர் இரண்டு மடங்காகிவிடுமா என்ன?

ஆகாதது மட்டுமல்ல, நஷ்டமும் உண்டு. கழுத்து பெரிதானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோலைத் தூறலாக இழுக்கும் சக்தி குறையும். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக, பாதி எரிந்தும் எரியாமலும் போகும். ஐடிலில் நிற்காது. சிக்னலில் கிளப்பினால் திக்கும். முழு திராட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கலாம். அதுவும் போர்ட், கேம், சைலன்சர், ஜெட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான். மத்ததெல்லாம் பழசு, வாய் மட்டும் புதுசு என்றால் விளங்காது. ஆனால் ஓட்டுகிறவன் என்ன சொல்கிறான்? ‘சவுண்டே மாறிடுச்சு சார், செம பவர்!’ சவுண்டு மாறியது நிஜம். பவரை யார் அளந்தார்கள்?

‘அப்படியென்றால் ஜப்பான்காரன் என்ன முட்டாளா? இரண்டு, நாலு என்று கார்புரேட்டர் வைத்தானே?’ நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்.

ஜப்பான்காரன் முட்டாள் இல்லை. இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டு கார்புரேட்டருக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரே கார்புரேட்டரிலிருந்து குழாய் பிரித்து இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் விட்டால், கிட்டத்து வீட்டுக்குக் கொஞ்சம் கூடவும் எட்டத்து வீட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவும் போகலாம். வளைவுகளில் பெட்ரோல் சுவரில் ஒட்டும். ஆளுக்கொன்று வைத்தால் பாதை நேராக, குட்டையாக இருக்கும். வேகமான சுற்றில் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். யமஹாவின் எக்ஸ்.டி.600 மாதிரி, ஒற்றை சிலிண்டருக்கே இரண்டு கார்புரேட்டர் வைத்த வண்டிகளும் உண்டு. ஆனால் அது 600 சி.சி., நாலு வால்வு, உள்ளே போக இரண்டு தனி வழி. ஆரம்பத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும், தேவைப்படும்போது இரண்டாவது திறக்கும். மொத்த எஞ்சினையும் அதற்காகவே வரைந்தார்கள். ஷெட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு மாட்டி முடித்த விஷயம் அல்ல.

நம் அம்பாசடரிலேயே இதற்கு ஓர் அழகான பாடம் இருக்கிறது. வெகுகாலம் அதில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஆங்கிலேயச் சரக்கு. ஒற்றை கார்புரேட்டர். பவர் ஐம்பது சொச்சம் குதிரைசக்தி. அதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சினை எடுத்து, இரண்டு கார்புரேட்டர் மாட்டி 1955-ல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 68 குதிரைசக்தி. கொஞ்ச நாளில் 72. பார்த்தீர்களா, இரண்டுக்குத்தான் பவர் என்று துள்ளாதீர்கள். இரண்டு மடங்கு ஆகவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். அந்தக் கூடுதலுக்கும் கார்புரேட்டர் மட்டும் காரணமில்லை. கம்ப்ரஷனை ஏற்றினார்கள், எஞ்சினை வேகமாகச் சுற்றும்படி தயார் செய்தார்கள். கார்புரேட்டர் அந்தக் கூட்டணியில் ஓர் உறுப்பினர். முதலமைச்சர் இல்லை.

இதற்குமேலும் நம்பாதவர்களுக்கு, அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வண்டியையே சாட்சிக்கு அழைக்கிறேன். ராஜ்தூத் 350. யமஹா ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் நம் நாட்டில் தயாரிக்க ஆரம்பித்த வண்டி. இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு கார்புரேட்டர். வாசகரின் மகன் கேட்பதும் இந்த ஜாதி வண்டியாகத்தான் இருக்கவேண்டும். ஜப்பானில் பிறந்தபோது இதன் பவர் 39 குதிரைசக்தி. இங்கே முதலில் வந்த ‘ஹை டார்க்’ வண்டியில் அது 30.5 ஆனது. ‘பெட்ரோல் குடிக்குதே’ என்று ஜனங்கள் புலம்பியதும் வந்த ‘லோ டார்க்’ வண்டியில் 27. தம்பி, எண்ணிப் பார். மூன்று வண்டியிலும் கார்புரேட்டர் இரண்டுதான். எண்ணிக்கை மாறவே இல்லை. பவர் மட்டும் பன்னிரண்டு குதிரை குறைந்துவிட்டது! அந்தக் குதிரைகள் எந்த வழியாக ஓடின? போர்ட், சைலன்சர், மொத்த மூச்சு ஏற்பாடு, இவற்றின் வழியாக. அப்புறம் எதற்கு கார்புரேட்டரை எண்ணுகிறாய்?

மறுபக்கம் பார். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100. வெறும் 98 சி.சி. ஒரே ஒரு கார்புரேட்டர். 11 குதிரைசக்தி. அதே காலத்து புல்லட் 346 சி.சி. அதற்கும் ஒரே கார்புரேட்டர். 18 குதிரைசக்தி. எஞ்சின் மூன்றரை மடங்கு பெரிது, பவர் இரண்டு மடங்குகூட இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிற இரண்டு ஸ்ட்ரோக் சின்னவன், நிதானமாக மூச்சு விடுகிற நாலு ஸ்ட்ரோக் பெரியவரை சி.சி. கணக்கில் தூக்கிச் சாப்பிட்டான். புல்லட் மட்டமா? இல்லை. அதன் இழுவை வேறு, குணம் வேறு. இரண்டு பேருக்கும் கார்புரேட்டர் ஒன்று என்பதுதான் நான் சொல்லவந்தது.

அந்த 350-க்கு அப்புறம் என்ன ஆயிற்று? விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், ஸ்பேர் கிடைப்பது கஷ்டம். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்து மைலேஜ் என்ற மந்திரத்தைச் சொன்னதும் நாடே அந்தப் பக்கம் சாய்ந்தது. விற்காமல் போன வண்டிக்கு இன்று கோயில் கட்டுகிறோம். பழைய வண்டியை ஆசையோடு சேர்த்து, துடைத்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது ஒரு ரசனை. ரசனைக்கு விலை உண்டு. ஆனால் ‘ரெண்டு கார்ப், டபுள் பவர்’ என்று பொய் சொல்லி, ஓய்வூதியக்காரரின் பணத்தை உருவுவது ரசனை இல்லை. வியாபாரம்.

உயிர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கார்புரேட்டர் என்றால் இரண்டும் ஒரே தாளத்தில் இயங்கவேண்டும். இரண்டு கேபிளும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இழுக்கவேண்டும். இரண்டு ஃப்ளோட், இரண்டு ஏர் ஸ்க்ரூ, இரண்டு ஜோடி ஜெட். உங்கள் பாய்லரைச் சுற்றிப் பல அரவை ஆலைகள் இருக்கின்றன. எல்லாம் சமமாக ஊதினால்தான் நடுவில் நெருப்பு ஒழுங்காகச் சுழலும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் குழாய்களுக்குச் சனி. பைக்கிலும் அதே சனி உண்டு. ஒரு கார்புரேட்டரில் தூசி அடைத்துப் பெட்ரோல் குறைந்தால், அந்த சிலிண்டர் கொதிக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது. கலவை வறண்டு சூடு எகிறினால் பிஸ்டன் வீங்கி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் சாதாரணமாகச் சொல்வார். எண்பதில் போகும்போது சீஸ் ஆனால், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்ச்சைப் பிடிக்க அரை விநாடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆர்ச் கேட்டைத் தாண்டி ஹைவேயில் ஏறினால் பக்கத்தில் பஸ், எதிரில் லாரி. வட்டங்களுக்குள்ளே என்றால் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள், சைக்கிளில் டியூஷன் போகிற பிள்ளைகள். மரம் சூழ்ந்த, நேரான, அகலமான ரோடு கிடைக்கும் பாக்கியம் தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு உண்டு? அந்த ரோடே முறுக்கச் சொல்கிறது என்கிறான் பையன். ரோடு ஒன்றும் சொல்லாது தம்பி. விழுந்தால்கூட ஒன்றும் சொல்லாது.

சட்டம் சொல்லும். வண்டியின் பதிவு விவரங்கள், தயாரித்தவர் தந்த விவரக்குறிப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட விதிக்கலாம். விபத்து என்று வந்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைத்தான் முதலில் சுற்றிப் பார்ப்பார். காரணம் தேடுகிறவருக்கு நாமே காரணத்தைக் கழுவித் துடைத்து நீட்டலாமா?

மந்தாரக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் காதாலேயே எஞ்சினைப் படிக்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து, ‘வால்வு சத்தம் சார்’ என்று சொல்கிற கலைஞர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிரானது அல்ல. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்: ‘வேணாம்னுதான் சொன்னேன், பையன் கேக்கல.’ என் சண்டை, பளபளவென்று பெட்டியில் அடைத்து, பவர் இத்தனை சதவீதம் கூடும் என்று மேலே அச்சடித்து விற்கிறவர்களோடுதான். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘டைனோ சீட்டு எங்கே?’ சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு எஞ்சினின் பவரை அளக்கிற மெஷினுக்குப் பெயர் டைனமோமீட்டர். மாட்டுவதற்கு முன்னால் ஒரு சீட்டு, மாட்டிய பிறகு ஒரு சீட்டு. அதே வண்டி, அதே நாள். இரண்டையும் காட்டிவிட்டுக் காசு வாங்கட்டும். காட்டமாட்டார்கள். பருப்புக்கும் புளிக்கும் தராசு கேட்கிற நாம், குதிரைசக்திக்கு மட்டும் காதை நம்பிக் காசு கொடுக்கிறோம்.

எண்ணிக்கை மயக்கத்துக்கு மருந்து நெய்வேலியிலேயே இருக்கிறது. சோவியத் உதவியோடு வந்து, 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையத்தில் ஆறு 50 மெகாவாட், மூன்று 100 மெகாவாட், ஆக ஒன்பது யூனிட். மொத்தம் 600 மெகாவாட். ஊருக்கே அடையாளமாக இருந்துவிட்டு 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்ப வந்த புதிய நிலையத்தில் யூனிட்கள் இரண்டே இரண்டு. தலா 500. மொத்தம் 1,000 மெகாவாட். ஒன்பது பெரிசா, இரண்டு பெரிசா? பலதாக இருந்ததில் ஒரு வசதி உண்டு, ஒன்று படுத்தால் மற்றவை காப்பாற்றும். அதை மறுக்கவில்லை. ஆனால் எத்தனை என்ற கேள்விக்குப் பதில், எதற்கு என்ற கேள்விக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

இன்னொரு கணக்கு. 1983-ல் வந்த மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர். அந்த எஞ்சினைக் கொண்டுதான் கோயமுத்தூர் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அந்தக் காரில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது கார்புரேட்டரின் எண்ணிக்கையா?

இதில் பெரிய தமாஷ், உலகம் இந்தச் சண்டையையே தாண்டிப் போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபிறகு, புது பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய ஒழிந்தேவிட்டது. காற்றை அளந்து, சூட்டை அளந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் எத்தனை சொட்டு என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. இரண்டு கார்புரேட்டர் செய்ய ஆசைப்பட்ட வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறது. இன்ஜினீயரிங் மாணவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது. பழைய இரும்பில் இரண்டாவது ஓட்டை போடுவதில் அல்ல.

பவர் வேண்டும் என்றால் நான் வழி சொல்கிறேன். ஏர் ஃபில்டரைத் திற. நெய்வேலித் தூசிக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். மாற்று. பிளக்கைப் பார், வால்வு இடைவெளியைப் பார், கம்ப்ரஷனை அளந்து பார். இருக்கிற ஒரே கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டைச் சுத்தம் செய்து, ஏர் ஸ்க்ரூவை நிதானமாகத் திருப்பி சுருதி சேர். டயரில் காற்று, செயினில் ஆயில். தொலைந்துபோன குதிரைகளில் பாதி, லாயத்திலேயே படுத்திருப்பது தெரியும். செலவு சில நூறு ரூபாய். மீதிப் பணத்தில் நல்ல பிரேக் ஷூவும் ஹெல்மெட்டும் வாங்கு. அதற்குப் பிறகும் முறுக்கியே ஆகவேண்டும் என்று கை அரித்தால், இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. கோயமுத்தூரில் கரிவரதன் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. அங்கே போ. எதிரில் லாரி வராது. நீ நிஜமாகவே வேகமா இல்லையா என்பதை, அங்கே காதுக்குப் பதில் கடிகாரம் சொல்லும்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் இரண்டு கார்புரேட்டர் கேட்கிறான் என்று கோபப்படுகிறோம். அவனைப் பத்தாம் வகுப்பில் இரண்டு டியூஷனில் சேர்த்தது யார்? ஒரே பாடத்துக்கு இரண்டு வாத்தியார், இரண்டு கைடு, இரண்டு டெஸ்ட் சீரிஸ். ஒரே மூளைக்கு இரட்டைக் குழாய் வைத்து ஊற்றினால் மார்க் இரட்டிப்பாகும் என்று நம்பியவர்கள் நாம்தானே? உள்ளே எவ்வளவு போகிறது என்பதைவிட எவ்வளவு எரிகிறது என்பதுதான் முக்கியம் என்று நாம் எப்போது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்? எரியாததெல்லாம் புகைதான். அது சைலன்சர் வழியாக வந்தாலும் சரி, ரிசல்ட் அன்று கண்ணீராக வந்தாலும் சரி.